வரிசையில் ஒரே மொட்டைத் தலை

என்ரை ஐயாவுக்கு,

சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணையைக் கண்டதும் முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய தலைமயிர். வகிடு எடுத்துச் சீவியிருந்தார். உங்களுக்குக் கொள்ளி வைக்க மழித்த தலை.

"இப்ப வரிசையிலை நிக்கவிட்டா ஒருத்தரும் என்னைக் காட்டமாட்டினம்," என்று சிரித்தார். கொழும்பில் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஐயா. நீங்கள் நினைவில்லாமல் கிடந்த கிழமை, சந்திக் கடைக்காரரை ஒருவன் குத்திக் கொன்றுவிட்டு ஓடினான். நெற்றியில் மயிர் விழுந்த ஆள் என்றார் கடைக்காரரின் மனைவி. கடைக்காரரோடு முன்பு வாய்ச்சண்டை பிடித்தவர் என்று, உங்கள் செத்தவீட்டுக்கு மறுநாள் பொலிஸார் அண்ணையைக் கொண்டுபோனார்கள். கொள்ளி வைத்து மொட்டையடித்தவரைத்தான் பிடித்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அடையாள அணிவகுப்பில் மற்ற எல்லோருக்கும் தலை நிறைய மயிர். அண்ணை மட்டும் மொட்டை. அந்த அம்மா நேரே போய் அவரைத் தொட்டாராம். புருசனைப் பறிகொடுத்தவர், அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தாரா, மொட்டையைப் பார்த்தாரா?

அணிவகுப்பு பிழைதான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறதாம். ஆனால் அந்தப் பிழையால் அநீதி ஒன்றும் நடக்கவில்லையாம். சண்டைக்குச் சாட்சி இருக்கிறதாம், அது போதுமாம்.

வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னாலே அழுகிறவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். அண்ணையின் சட்டத்தரணியிடம் எப்படி வாய் வந்ததோ தெரியாது.

"சேர், பிழையில்லாத வரிசையிலை அண்ணையை ஒருக்கா நிக்கவிட்டுப் பாத்தவையோ?"

அவர் மேசையிலிருந்து ஒரு மனுக் கடதாசியை எடுத்தார். "இதைத்தான் பிள்ளை உச்ச நீதிமன்றத்திலை கேக்கவேணும். உன்ரை அண்ணை கையெழுத்து வைக்கட்டும்," என்று கடதாசியைத் தந்தார்.

ஆனால் கம்பிக்குள்ளால் நீட்டிய அந்தக் கடதாசியை அண்ணை தொடவில்லை.

"விடு தங்கச்சி. நான் களைச்சுப் போனன். நீ அம்மாவைப் பார்."

"வருசா வருசம் ஐயாவின்ரை திவசம் ஆர் குடுக்கிறது?"

"சித்தப்பாவைக் கேள்."

நானும் களைத்துப்போனேன், ஐயா. என்றாலும் சித்தப்பாவைக் கேட்கமாட்டேன். அண்ணை கையெழுத்து வைக்கும்வரை, பார்க்கவிடும் ஒவ்வொரு நாளும் போவேன். இது நான் உங்களுக்குத் தரும் சொல்.

நேரம் முடிந்தது, எழும்பு என்றார்கள் காவலர்கள். நான் எழும்பவில்லை. பேனையைக் கம்பிக்குள்ளால் அண்ணையிடம் நீட்டிப் பிடித்தேன்.

உங்கடை கடைக்குட்டி