நான்கு பன்னிரண்டிலிருந்து நான்கரை வரை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதவே மாட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா?

நம் ரத்தப் பரிசோதனை லேபை விட்டு நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் பழைய நம்பருக்கு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. காலேஜில் நீயும் நானும் ஒரே நாளில் தொடங்கிய மெயில் ஐடியை நீ இன்னும் பார்க்கிறாயா என்று தெரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

என் எதிரே லேப்டாப்பில் ஒரு லாக் ஃபைல் திறந்திருக்கிறது. உன் ஃபைல்.

நாளை மறுநாள் நம் லேபின் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப் போகிறார்கள். அழிப்பதற்கு முன்னால் சிஸ்டம் லாக் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து கொடு என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். நீ இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பார். அந்த லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், சேமிக்கும் இடத்தைக் கேட்டது, வழக்கமான ஃபோல்டரைக் காட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தது. பெயருக்குப் பதில் ஒரு தேதி. எந்தத் தேதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது சேமிக்கப்பட்டது அன்று மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு.

கம்ப்யூட்டரில் அந்த நாளின் பதிவுகள் இப்போது இல்லை. புதிதாக எழுத எழுதப் பழையதை அதுவே அழித்துக்கொண்டு வந்துவிட்டது. நீ எடுத்து வைத்த இந்தப் பிரதி ஒன்றுதான் மிச்சம். பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமைத்தேன், பாப்பாவுக்கு ஊட்டினேன், துணி மடித்தேன். திறக்கத்தான் கை வரவில்லை.

முன்பொரு முறை பிரின்டர் தகராறில் இதே லாக்கை நீ திறந்து பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "இது டைரி எழுதுது புள்ள. அம்புட்டையும் எழுதும். நம்மள மாதிரி மறைச்சு எழுதத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பாப்பா பிறந்து ஐந்தாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். மதியம் மூன்று மணிக்கு மேல் மார்பில் பால் கட்டிக்கொண்டு உயிர் போகும். கோரிப்பாளையத்தில் அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய அறை சர்வர் ரூம் ஒன்றுதான். பாத்ரூம் தாழ்ப்பாளைப் பற்றி நீயே நிறைய வைதிருக்கிறாய். பால் எடுக்கும் மெஷினோடு என்னை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வது நீ கண்டுபிடித்த ஏற்பாடு. யார் வந்தாலும் ஒரே பதில்.

"அண்ணே, உள்ள அப்டேட் ஓடுது. இப்பக் கதவத் தொறந்தீங்க, நாளைக்கு நீங்கதேன் ரிப்போர்ட்டெல்லாம் கையால எழுதணும்."

ரத்தம் எடுக்கும் அண்ணன் ஒரு நாள் பொறுமை இழந்து கத்தினார். "தினமும் என்னதேன் அப்டேட்டு? எம்புட்டு நேரம்? உள்ள என்ன பாலா கறக்குறீங்க?"

கதவுக்கு அந்தப் பக்கம் நீ சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது எனக்குக் கேட்டது. பாட்டிலைப் பிடித்திருந்த என் கை ஆடிவிட்டது. அப்புறம் நீ கதவிடுக்கில் வாயை வைத்து, "ஏய், சீக்கிரம் முடி. வேவு பாக்க ஆள் வச்சிட்டாங்க போல" என்றாய். நான் வேலைக்குத் திரும்பிய அந்த மாதங்களில் வயிறு வலிக்கச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

அந்தத் தேதியில் பாப்பாவுக்குக் காய்ச்சல். வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட அத்தை காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார். "வேலைதேன் பெருசுன்னா பிள்ள எதுக்கு?" என்று கடைசியில் கேட்டார். போனை வைத்துவிட்டுச் சர்வர் ரூமுக்குள் போனேன். பால் மெஷினை வழக்கமாக நான் செருகும் இடத்தில் புதிதாக வந்த பார்கோடு பிரின்டரின் வயர் இருந்தது. யு.பி.எஸ்ஸிலிருந்து வந்த பிளக் பலகையில் ஒரு கறுப்பு பிளக்கைப் பிடுங்கினேன். மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய மானிட்டருடையது என்று நினைத்தேன். ஏ.சி. சத்தத்தில் வேறு எந்தச் சத்தம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு வந்தேன்.

நான் பிடுங்கியது சர்வரின் பிளக். உன் ஃபைலில் அது ஒரே வரியாக இருக்கிறது. பக்கத்தில் சிவப்புக் குறி. நான்கரைக்கு சர்வர் தானாகத் திரும்ப எழுந்து எழுதியிருக்கிறது: இதற்கு முன் 4:12க்கு நின்றது எதிர்பாராதது. யாரும் முறைப்படி நிறுத்தியதாக அதற்கு முன்னால் ஒரு பதிவும் இல்லை. பதினெட்டு நிமிடம். வேறு யார் பார்த்தாலும் கரண்ட் போய் வந்தது என்பார்கள். அந்தப் பதினெட்டு நிமிடம் எதற்கு ஆனது என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி உள்ளே இருந்தாள், ஒருத்தி வெளியே ஸ்டூலில்.

கீழே ரிசப்ஷனில் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. காலையிலிருந்து ஏற்றிய ரிசல்ட் அத்தனையும் போயிருந்தது. மேனேஜர் மாடிக்கு ஓடிவந்தார்.

"அப்டேட் ஓடுதுன்னு சொன்னது யாரு?"

"நான்தேன் சார்."

"பாதியில நிறுத்துனியா?"

நீ என் கைப்பையை ஒரு தடவை பார்த்தாய். பாட்டில் அதற்குள் இருந்தது. பிறகு அவரைப் பார்த்து, "தெரியல சார், பாக்குறேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கைப்பையை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தோம். சிம்மக்கல்லிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளுக்கு அன்று காலை நடக்க வேண்டிய ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது என்று எல்லோர் முன்னாலும் உன்னை நிற்க வைத்துக் கேட்டார். "உங்க வீட்டுப் பிள்ளையின்னா இப்பிடித்தேன் இருப்பியா?" நீ தலையைக் குனிந்து, "தப்புதாம்மா" என்றாய். நான் அடுத்த மேசையில் டியூப்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உன்னை வர வேண்டாம் என்று சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் பரவை பஸ்ஸுக்கு நீ நின்றபோது நான் ஓடிவந்து கேட்டேனே, நினைவிருக்கிறதா? "என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சியாடி?"

"கரண்ட் பிரச்சனைதேன். விடு. பாப்பாவுக்குக் காச்சல் விட்டுச்சா?"

நீ அதைச் சொல்லும்போது இந்த ஃபைலை எடுத்து வைத்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாய். லாக்கைக் காட்டியிருந்தால் நீ நிறுத்தவில்லை என்று நிரூபணமாகியிருக்கும். அடுத்த கேள்வி, உள்ளே இருந்தது யார், என்ன செய்தாள் என்று வந்திருக்கும். அத்தனை ஆண்கள் நடுவில் அந்தக் கேள்வி எனக்கு வரக்கூடாது என்றுதானே நீ காட்டவில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நீ நினைத்திருந்தால் அது சரியில்லை. அந்தக் கறுப்பு பிளக், சர்வர் நின்ற அன்று ராத்திரியே என் நினைவுக்கு வந்துவிட்டது. அது எதனுடையது என்று மறுநாள் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நீ கரண்ட் பிரச்சனை என்றதும் எனக்கு வந்தது நிம்மதி. பஸ் கிளம்பியபோது உனக்குக் கை காட்டினேன். அந்தக் கையை நினைத்தால் இன்று கூசுகிறது.

நேற்று மேனேஜருக்கு ஒரு போன் வந்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பற்றி விசாரித்தார்கள். "யாரு, அந்தப் பொண்ணா? அப்டேட்ட பாதியில நிறுத்தி ஒரு நாள் ரிப்போர்ட்டையே காலி பண்ணிட்டுப் போனவ. நான் ஒன்னும் சொல்லல, நீங்க பாத்துக்கங்க" என்றார். வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "வெள்ளிக்கிழமை முடிவு பண்றாகளாம். திண்டுக்கல் பக்கமாம்" என்று சிரித்தார். இரண்டு வருஷமாக நீ போகிற இடமெல்லாம் இப்படித்தான் ஒரு போன் முன்னால் போய் நின்றிருக்கிறதோ என்று நினைத்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்று இன்று முழுக்க யோசித்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய். அந்த ஆசையில்தான் கேட்க நினைக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. அதனால் இந்தக் கடிதத்துக்கு உட்காரும் முன்பே மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். உன் லாக் ஃபைலை இணைத்திருக்கிறேன். எந்த வரியைப் பார்க்க வேண்டும், அந்தப் பதினெட்டு நிமிடம் உள்ளே இருந்தது யார், எந்த பிளக், எதற்கு, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பால் என்ற சொல்லை மூன்று முறை அழித்து நான்காம் முறை அப்படியே விட்டேன். காலையில் எந்த முகத்தோடு உள்ளே போவேன், வேலை இருக்குமா, அத்தை என்ன சொல்வார், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் திரும்ப எடுக்க முடியாது என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். அதனால் இன்று அதைக் கேட்கவில்லை. எனக்கு உன்னிடமிருந்து வேறு ஒன்று வேண்டும். மேனேஜர் தானாகப் போன் போட்டுத் திருத்துவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும். பெயரும் நம்பரும் அவர் சொல்லவில்லை.

எந்த ஆஸ்பத்திரி, யாரிடம் பேச வேண்டும் என்று எழுது. இன்று புதன் முடிந்து வியாழன் பிறந்துவிட்டது. சீக்கிரம் பதில் போடு.