சவரிமேரியின் கத்திக்கு நான் போட்ட பிடி

கடலூர் முதுநகர்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் பெலிசியாவுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மஸ்கட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று ராத்திரிதானே போனில் பேசினோம், எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கத்தி விஷயத்தைச் சொல்ல முடியவில்லை. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கக் கற்றதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று நான் போகிற முதியோர் வகுப்பில் சிந்துஜா டீச்சர் சொல்லவே இல்லை. வரி மேலே ஏறினால் நீயும் தலையைச் சாய்த்துப் படி.

அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பலாப்பழக் கத்தி உனக்குத் தெரியும். போன வாரம் அதன் பிடி இரண்டாகப் பிளந்து, கத்தி ஒரு பக்கம் பிடி ஒரு பக்கம் போய்விட்டது. சிதம்பரத்தில் உன் மாமா செபாஸ்டின் புது வீடு கட்டி முடித்திருக்கிறார் அல்லவா, அவுங்க வீட்டு வழக்கப்படி புது வீட்டில் முதல் பலாப்பழத்தைக் கூடப் பிறந்தவள்தான் தாய்வீட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். சனிக்கிழமைக்குள்ள புடி போட்டுக் குடுங்க, இல்லன்னா நான் அங்க எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நல்ல பூவரசங் கொம்பாக எடுத்து, பட்டை சீவி, நுனியில் துளை போட்டு, கத்தியின் வாலைக் காய்ச்சி இறக்கி, கழுத்துக்குப் பித்தளைப் பூண் போட்டேன். பழைய பிடியைவிட நன்றாகவே அமைந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எழுத்து தெரிந்த கை சும்மா இருக்குமா, கம்பியைக் காய்ச்சி என் பெயரைச் சூடு போட்டு எழுதினேன். என் எழுத்து ஒவ்வொன்றும் கொய்யாக்காய் அளவு வரும், அதனால் கொம்பை நறுக்காமலே எழுதிக்கொண்டு போனேன். அம்மா வந்து பார்த்து இன்னா இது என்றாள். என் பேரு என்றேன். எங்க வீட்டுக் கத்தியில ஒங்க பேரு எதுக்கு, எம் பேரப் போடுங்க என்றாள். அழிக்க மனசு வரவில்லை, கொம்பு இன்னும் மீதி இருந்தது, சவரிமேரி என்று அவள் பெயரையும் அதன் பின்னாலேயே எழுதி உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டேன். அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள், நீளம் அவள் கண்ணில் படவில்லை. கத்தி அவள் தோள் உயரத்துக்கு நின்றது.

நேற்று பஸ்ஸில் கண்டக்டர், பெரியவரே இத வச்சிக்கிட்டு எந்த நாட்டு மேல படையெடுக்கறீங்க என்று கேட்டு டிரைவர் பின்னால் படுக்க வைத்தார். சிதம்பரத்தில் உன் மாமா, மச்சான், அறுக்கப்போறது பலாவா புலியா என்றார். அம்மா ஒரு சுவரோரம் நின்றாள், பழம் எதிர்ச் சுவரோரம் இருந்தது. ஜனமெல்லாம் வாசலுக்குப் போய்விட்டது. குனியாமல், கையில் பிசின் படாமல் ஒரே போடாகப் பிளந்தாள், அது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஓங்கியபோது பிடியின் அடிமுனை புது டியூப் லைட்டை உடைத்துவிட்டது. மிச்ச மர வேலைக்கு வந்திருந்த தச்சர் ரம்பத்தோடு வந்து பாதியை அறுத்துடலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்து, கத்திப் பக்கம் யாரு பேரு இருக்கு, படிங்க என்றாள். பெலிசியா, என்னை ஒருத்தர் படிக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் விரலை வைத்து தை, ரி, ய என்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டேன். படித்து முடித்த பிறகுதான் நிலைமை புரிந்தது. கத்தியப் புடுங்கி எம் பேருல சொருகுப்பா என்று தச்சரிடம் சொல்லிவிட்டாள். அவரும் அறுத்து, பூணை மாற்றி, கச்சிதமாகச் செய்து கொடுத்தார்.

திரும்பும்போது அம்மா பையில் அவள் கத்தி, என் மடியில் என் கொம்புத் துண்டு. பக்கத்து சீட்டுக்காரர் அது இன்னாங்க என்றார், என் பேரு என்றேன், அவர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். இந்தத் துண்டை அடுப்பில் வைத்துவிடலாமா என்று இன்று காலையில் கேட்டாள், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஏசியில் ரொம்ப நேரம் உட்காராதே. ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல பெயரோடு நூறு வயசு இரு. மறக்காமல் ஒன்று, கிறிஸ்துமசுக்கு வரும்போது அங்கிருந்து நல்ல கத்தி ஒன்று வாங்கி வா. பிடி வேண்டாம். பிடி இருக்கிறது.

இப்படிக்கு உன் அப்பா,
சி. தைரியநாதன்