பேட்டை பஸ் எழுதிய ஒரு வரி

பாளையங்கோட்டை
7 ஜூன் 2024

அன்புள்ள சபீதாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பெருநாளுக்கு இந்த வருஷமும் நீ ஊருக்கு வரவில்லை என்று மேலப்பாளையத்தில் உன் உம்மா என்னிடம்தான் புலம்பினார்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டியே நம் சிநேகிதம் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

என் ஆராய்ச்சி ஒரு வழியாகக் கரை சேரப்போகிறது. அம்மாவுக்கு அதை இப்படித்தான் விளக்கினேன்: சில மென்பொருள்களை உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் அதைச் சேர்த்துக்கொள்வார், அல்லது காரணம் சொல்லித் திருப்புவார். இப்படிப் போய் வருவதில்தான் பலர் கணினி கற்றுக்கொள்கிறார்கள். முதல் தடவை அனுப்பியவர்களில் பாதிப்பேர் மறுபடி வருவதே இல்லை, அது ஏன் என்பதுதான் என் கேள்வி. அம்மா யோசிக்கக்கூட இல்லை. "மூஞ்சில அடிச்ச மாதிரி பேசியிருப்பாவ, வேறென்ன?" என்றாள். மூன்று வருஷம் பாடுபட்டு நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

ஏரலில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கும் பிரம்மநாயகி என்பவரை மூன்று முறை பேட்டி எடுத்தேன். பெயரை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அஞ்சல் வழியில் படித்தவர், கணினிக்கு கோட் எழுதத் தானாகவே கற்றவர். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால், படத்தை எழுத்தாக்கித் தரும் ஒரு மென்பொருள் இடதும் வலதும் கலந்து வாசிக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தி அனுப்பியிருக்கிறார். நாலைந்து வருஷம் ஆகியும் வந்த பதிலை மனப்பாடமாகச் சொல்கிறார். "இது உதவி இல்லை, உபத்திரவம். படித்துவிட்டு வாருங்கள்." அதோடு அவர் கோட் எழுதுவதையே விட்டுவிட்டார்.

அந்த மென்பொருள் நாம் எழுதிய வாசி, சபீதா. பதில் போட்ட பெயர் 'பேட்டை பஸ்'.

காலேஜுக்குப் போன பஸ்ஸின் பெயரில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய இணையக் கணக்குதான். நான் பாடம் நடத்தப் போன பிறகு எட்டு வருஷமாக வாசியை நீ ஒருத்திதான் கட்டி மேய்க்கிறாய். சம்பளமில்லாத வேலை, யாருக்கும் எரிச்சல் வரும். குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் நாலாம் அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் என்னிடம் இல்லை. நீ சம்மதித்தால்தான் போடுவேன். ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
பெர்சிஸ்


ஷார்ஜா
15 ஜூன் 2024

அன்புள்ள பெர்சிஸுக்கு, ஸலாம்.

ஏட்டி, இத்தனை நாள் கழித்து ஒரு கடிதம், அதிலும் குற்றப்பத்திரிகையா! படித்ததும் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. உன் கடிதத்தோடு, வாசியின் பழைய பதில்கள் இருக்கும் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அந்த வரி அங்கே அப்படியேதான் இருக்கிறது.

தாராளமாகப் போடு. பேட்டை பஸ்ஸை ஓட்டுவது நான்தானே, இடித்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் முகவரியை அனுப்பு, நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆய்வேட்டில் தேதியைப் போடாதே. ஏன் என்று கேட்காதே.

சல்மான் ஃபாரிஸுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. சோபாவிலிருந்து குதித்து நேற்று அவன் வாப்பாவின் மூக்குக் கண்ணாடியை உடைத்தான். அந்த நாட்கள் ஞாபகம் வரும்போதெல்லாம் உன் ஞாபகமும் கூடவே வரும்.

உன் படிப்பு நல்லபடியாக முடிய துஆ செய்கிறேன். உன் வீட்டுக்காரர் ஜோஷுவா அண்ணனுக்கு எங்கள் ஸலாம்.

பிரியமுள்ள
சபீதா


பாளையங்கோட்டை
20 ஜூலை 2024

என் சபீதாவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் சும்மா இருந்தேன்.

பதில்களின் அட்டவணை தேதி இல்லாமல் செல்லாது என்றார் என் நெறியாளர் காசிலிங்கம் சார். ஆட்கள் அடையாளம் தெரியக்கூடாது என்று பெயர்களையும் தேதிகளையும் நான்தான் நீக்கியிருந்தேன். நம் பக்கத்தைத் திறந்து பார்க்க இதுவரை எனக்கு மனம் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை திறந்தேன். அந்தப் பதிலின் தேதி 12 மார்ச் 2019.

அந்த மார்ச்சில் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். "பிள்ளையைப் பாரு, வாசியை நான் பாத்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னது நான். விடைத்தாள் கட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே மத்தியானத்தில் தள்ளிவிட்டது நான். அன்றைக்கு மட்டும் இருபத்தேழு பேருக்கு அப்படிப் பதில் போட்டிருக்கிறேன். 'படித்துவிட்டு வாருங்கள்' என்று தினமும் வகுப்பில் சொல்வது யார்? என் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்திருப்பார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

உனக்குத் தெரியும். தெரிந்துதான் தேதி போடாதே என்றாய். நல்லவேளையாக முகவரியை உனக்கு இன்னும் அனுப்பவில்லை. இன்று காலையில் நானே ஏரலுக்கு பஸ் ஏறினேன்.

சொல்லி முடித்ததும் பிரம்மநாயகி கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "நீங்களா டீச்சர்? மூணு தடவ வந்து எங்கூட உக்காந்து டீ குடிச்சியளே!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "யாரு எவருன்னு தெரியாம இத்தன வருசம் கோவத்த வச்சிருந்தேன். இப்ப ஆளே எதுக்க வந்து அழுதா, அத நான் எங்கன கொண்டு வைக்க?" என்று அவரே கைக்குட்டை தந்தார். அந்தத் திருத்தம் இன்னும் பென்டிரைவில் இருக்கிறதாம். மறுபடி அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பார்ப்போம் என்றார்.

அத்தியாயத்தில் பேட்டை பஸ்ஸின் பெயரை மறைத்து 'பொறுப்பாளர் ஏழு' என்று போட்டிருந்த இடத்தில் எல்லாம் 'நான்' என்று மாற்றிவிட்டேன். காசிலிங்கம் சார் மூக்கைச் சொறிந்தார். தன்னையே ஆராய்ந்தால் புதிதாக அனுமதி வாங்க வேண்டுமாம், ஆகஸ்ட் போய் டிசம்பர் ஆகும். ஆகட்டும். உன் தலையில் கட்டிவிட்டு வாங்கும் பட்டம் எனக்கு வேண்டாம். என்னை மன்னித்துவிடு, சபீதா.

பெர்சிஸ்


ஷார்ஜா
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பெர்சிஸுக்கு, ஸலாம்.

மன்னிப்பு என்கிற பேச்சை எடுத்தால் உதைப்பேன்.

முப்பத்தொரு நாள் என் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நான் ஒரு தடவைகூட வாசியை நினைக்கவில்லை. நினைக்கத் தேவையில்லாமல் நீ பார்த்துக்கொண்டாய். அதற்கு ஈடாக உன்னுடைய ஒரு வரியை நான் சுமந்தால் குறைந்துபோவேனா என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ செய்ததுதான் சரி. நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பொய்யல்லவா போயிருக்கும்?

சரி, சந்தோஷ செய்தி. நேற்று பிரம்மநாயகியின் திருத்தம் வந்துவிட்டது! பத்திகளை அழகாகப் பிரிக்கிறது. ஒரே ஒரு குறை. பக்கத்தின் நடுவில் படம் இருந்தால் வலது பத்தியை விட்டுவிடுகிறது. அப்படியே சேர்க்க முடியாது, திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

நான் பதில் போடவில்லை. நீ போடு. பேட்டை பஸ்ஸின் கடவுச்சொல் அன்றைக்கு வைத்ததுதான், நான் மாற்றவே இல்லை. எழுதியதை எனக்குக் காட்டாதே, நேரே அவருக்கு அனுப்பு.

பிரியமுள்ள
சபீதா


பாளையங்கோட்டை
9 ஆகஸ்ட் 2024

சபீதா,

இருபத்தேழு பேருக்கு ஒரு மத்தியானத்தில் பதில் போட்டவளுக்கு இந்த ஒரு பதிலை எழுத இரண்டு நாள் ஆனது. என்ன நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னேன். எங்கே தடுக்குகிறது என்பதை ஒரு பக்கத்தின் படத்தோடு காட்டினேன். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று எழுதி, முடியாவிட்டால் சேர்ந்து பார்க்கலாம் என்றேன். கீழே 'பேட்டை பஸ்' என்று மட்டும் விடாமல் 'பெர்சிஸ்' என்று போட்டேன். அனுப்பும் முன் பத்துத் தடவை படித்துப் பார்த்தேன், சிரிக்காதே.

புதன், வியாழன் இரண்டு நாளும் பதில் இல்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

இன்று காலையில் திருத்தம் வந்தது. படம் இருக்கும் பக்கம், இல்லாத பக்கம் எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. வாசியில் சேர்த்துவிட்டேன். மீதி இருபத்தாறு பேருக்கும் ஒவ்வொருவராக எழுதப் போகிறேன்.

திருத்தத்தோடு பிரம்மநாயகி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

"படித்துவிட்டு வந்திருக்கிறேன், டீச்சர்."

உன்
பெர்சிஸ்