தகரப் பொம்மைக்கு வைத்த சந்தனம்

சந்திரமதி,

கஞ்சி அடுப்பு மேல் இருக்கிறது. நெத்திலிச் சம்பலை மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்காவது சாப்பிடும்மா. சாவி ஆணியில்.

ஒன்பது மணிக்கு உன் கூட்டாளி ஹலீமா வருவாள். உங்கள் விஞ்ஞானக் கழகத்துத் தகரப் பொம்மையைப் புக்கிட் ரம்பாய் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்களாமே. அதைக் கட்டி எடுத்துப்போகச் சைக்கிளையும் கயிற்றையும் விட்டுப் போகிறேன். நான் குருபோங்குக்கு நடந்தே வேலைக்குப் போய்க்கொள்வேன்.

ஆயுத பூசையன்று என் மண்வெட்டிக்குச் சந்தனம் வைத்த கையோடு உன் பொம்மையின் நெஞ்சிலும் வைத்தேன். மறுநாள் போட்டிக்குப் போகிற சாமான், அதுவும் நம்மோடு உழைக்கிறதுதானே என்று நினைத்தேன். சந்தனம் அதன் கையைத் தூக்கவைக்கும் பொத்தானுக்குள் இறங்கிக் காய்ந்துபோகும் என்று தெரியாது. போட்டியில் அத்தனை பேர் முன்னால் அது நாட்டின் புதுக் கொடியைத் தூக்காமல் நின்றபோது நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "உங்கள யாருப்பா அதத் தொடச் சொன்னது?" என்றாய். அதோடு மூன்று நாளாகப் பேச்சில்லை.

அப்பா

பொத்தானை ஹலீமா துடைத்து மாட்டிவிட்டாள் என்று அவள் அத்தா சொன்னார். நான் கிட்டேயே போகவில்லை.

இன்று அது கையைத் தூக்கினால் எனக்குச் சொல். பேசப் பிடிக்காவிட்டால் இந்தத் தாளின் பின்னால் எழுதி வை. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்வேன்.