மூலை மேசைப் படம்

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நான் விசாரித்ததாக அவரிடம் சொல்லாதே, திட்டுவார். இங்கே எனக்கு ஓட்டல் சாப்பாடுதான். ஓட்டல்களைப் படம் எடுக்கும் வேலையும் நடக்கிறது. யாரையும் போஸ் கொடுக்கச் சொல்வதில்லை, உள்ளது உள்ளபடி எடுக்கிறேன்.

இன்று மதியம் நாம் வழக்கமாகப் போகும் ஓட்டலில், மூலை மேசையில் வயதான தம்பதி ஒன்று. பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. அந்த அம்மா மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் சூப் இருக்கு. சுடும், அவசரப்படாதீங்க."

க்ளிக் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். "யாரு படம் எடுக்கிறது?"

"நான்தாங்க. வேண்டாம்னா அழிச்சிடறேன்."

கொஞ்சம் யோசித்தார். "அதுல இவ சிரிக்கிறாளா?"

கேமராத் திரையைப் பார்த்தேன். முள்ளைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண்ணெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது.

"சிரிக்கிறாங்க," என்றேன்.

"அப்ப இருக்கட்டும். கட்டுப் பிரிச்சதும் பார்க்கணும்."

"பார்க்கலாம், முதல்ல சாப்பிடுங்க," என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, நாம் சேர்ந்து போன ஓட்டல்களில் நான் எடுத்த படங்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். மேசை இருக்கிறது, தட்டு இருக்கிறது, வெளிச்சம் பிரமாதம். ஓரத்தில் உன் தோள் இருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை.

ஞாயிறு மதியம் அந்த மூலை மேசையில் இருப்பேன். வருவாயா? கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போன
உன் வீட்டுக்காரன்