குழிக்குள் முன்னமே இருந்தது

8 மே 2025, வியாழன்
பாலாவிச் சந்தியில் இன்றைக்கும் சீமெந்து லொறிகளின் ஊர்வலம். எங்கள் ஆய்வுகூடம் கடைக்கு மேல் மாடியில். லொறி போகும்போதெல்லாம் படிகத் தட்டுகள் நடுங்குகின்றன. படிகம் வளர்க்கும் ஷஸ்னா அவற்றுக்குக் கீழே பழைய மெத்தைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறாள். நாலு பேர் கம்பனி, ஒரேயொரு மருந்து, அதற்கும் இன்னும் பெயர் இல்லை. பதினேழு என்கிறோம்.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸின் புரதம் ஒன்றில் ஒரு குழி இருக்கிறது. பதினேழு போய் அதை அடைத்தால் வைரஸ் பெருகாது. புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பிடித்து, அடைக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

10 மே
வெளிநாட்டு எக்ஸ்ரே நிலையத்திலிருந்து, மருந்தில் ஊறவைத்த படிகத்தின் தரவு வந்தது. புரதம் திரையில் நீல வலையாகத் தெரியும். இன்னும் பெயர் வைக்காத எதுவும் பச்சைக் குமிழாக நிற்கும். குழிக்குள் பச்சைக் குமிழ்.

திரையில் பதினேழின் உருவத்தை எடுத்துக் குமிழுக்குள் வைத்தேன். பொருந்தியது. வால் பக்கம் மட்டும் ஒரு வளைவு, மடக்கிய விரல் மாதிரி, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருக்கட்டும். எந்தப் படிகத்தில்தான் ஒரு கோணல் இல்லை.

நிரோசன் சேர் (கம்பனி அவருடையது, சிலாபத்துக்காரர்) திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "மபாஸா, இனி எங்களுக்குப் பயமில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

11 மே
என் மூத்த சகோதரர் ஜௌபர் நானாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருக்க? மாம்புரிக்குப் பக்கத்தில் அவருடைய இறால் குளங்கள் போன வருஷம் இரண்டு முறை மொத்தமாகச் செத்தன. இப்போது சேறு வெடித்துக் கிடக்கின்றன. இன்னொரு முறை செத்தால் நானா எழும்ப மாட்டார்.

"நீ கண்ணால கண்டியா?" என்று கேட்டார்.

கண்டேன் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

19 மே
மருந்து கொடுக்காத வெறும் படிகத்தின் தரவு. முறைப்படி இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்ரே நேரம் போதாதென்று நாங்கள் பின்னுக்குத் தள்ளினோம். குழி வெறுமையாக இருக்க வேண்டும்.

இல்லை. அதே குமிழ். அதே மடக்கிய விரல்.

20 மே
ஷஸ்னா அழாத குறை. "அல்லா மேல சத்தியமா ராத்தா, அந்தத் தட்டுக்கு நான் மருந்து போடல்ல." தட்டு மாறியிருக்கும் என்கிறார் சேர். புதிதாக வளர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

27 மே
பழைய தரவுகளைத் திறந்தேன். போன வருஷத்தவை. பதினேழை அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதிலும் இருக்கிறது. மங்கலாக. தண்ணீராக்கும் என்று நினைத்து நானே நாலு புள்ளி வைத்து மூடியிருக்கிறேன்.

யார் நீ? திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன், பட்டப்பகலில், கீழே லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது. புரதத்தைப் பக்டீரியாவில்தான் வளர்க்கிறோம். அங்கிருந்து எதையோ பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். விளக்கம் இருக்கிறது. இருந்தும் அந்தத் திரைக்கு முதுகு காட்டி உட்கார என்னால் முடியவில்லை.

உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக்குள் நான் பதினேழைக் குடிவைத்திருக்கிறேன். பதினேழு அந்தக் குழிக்குள் போகவே இல்லை.

3 ஜூன்
புதுப் படிகத்திலும் அதுவே. சேரிடம் சொன்னேன்.

"குளத்துப் பரிசோதனைக்கு எல்லாம் சரியாயிட்டு. அது முடியட்டும், பிறகு கதைப்பம்."

எந்தக் குளம் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட நானாட குளம்தான். அவரே வந்து கேட்டார்."

4 ஜூன்
விடிந்ததும் குளத்துக்கு ஓடினேன். காய்ந்து கிடந்த குளத்தில் தண்ணீர் நிறைந்து, காற்றூட்டும் சக்கரங்கள் அதை அடித்துக்கொண்டிருந்தன. இறால் குஞ்சு விட்டாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நானா மருந்து கலந்த தீன் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"நீதானே கண்டாய்?"

"கண்டது வேற என்னவோ நானா. மருந்து இல்ல அது."

"ஏதோ ஒண்டு உள்ளுக்கு இரிக்கிதானே" என்று சிரித்தார்.

கத்தினேன். நானாவைப் பார்த்து வாழ்க்கையில் முதல்தரம் கத்தினேன். என்னத்துக்கு? அவர் தீனை வீசிக்கொண்டே போய்விட்டார்.

16 ஜூன்
இறால் நன்றாகத் தின்கிறதாம்.

2 ஜூலை
குழியில் இருப்பது பதினேழு அல்ல என்று எழுத்தில் கொடுத்தேன். சேர் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கழுவிக் காயப்போட்ட துணியின் மடிப்பிலும் அந்த விரல் தெரிகிறது. தெரிகிறதா, நான்தான் வைக்கிறேனா?

19 ஜூலை, சனி
நானா எனக்குப் போன் எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். வந்து பார் என்றார்.

நல்ல வெயில். பகலில் இறால் அடியில் சேற்றோடு கிடக்கும், கண்ணில் படாது. இன்றைக்குக் கரை நெடுக இறால். அசையாமல், தலையை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு. நானா தீன் போட்டார். ஒன்றுகூடத் தின்னவில்லை.

நோய் கண்ட இறால்தான் பகலில் கரைக்கு வரும். மாம்புரியில் இது தெரியாத பிள்ளை இல்லை. போன வருஷம் இரண்டு முறையும் இதைக் கண்டுதான் நானா இதே வரம்பில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தியா, ஆளைக் கண்டா வருது. நல்லாப் பழகிட்டு" என்றார்.

குனிந்து ஒன்றை எடுத்தார். அது துள்ளவில்லை. ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. உடுத்திருந்த சாரத்தின் நுனியால் மெதுவாக, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, மறுபடி துடைத்தார்.

"உப்பு" என்றார், என்னைப் பார்த்து.

"ஓம் நானா" என்றேன்.