ஒக்டோபரில் போன பயிற்றுநர்

மிற்சம் நகர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் கிளின்ரனுக்கு,

ஆண்டவரின் கருணையால் நீ சுகமாயிருப்பாய், இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். "அப்பா, ஒரு வேலையை விட்டுப் போறதுக்கும் ஆக்களிட்டை உத்தரவு கேக்க வேணுமே?" என்று ஞாயிறு போனில் கேட்டாய். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளாமல் இரண்டு தரம் ட்ராம் ஏறி ஒரு காரியமுமின்றி விம்பிள்டன் வரை போய் வந்தேன், அம்மா "ஒண்டில் ஓரிடத்திலை இருங்கோ, ஒண்டில் பெடியனுக்கு எழுதுங்கோ" என்று பேனையைக் கையில் தந்துவிட்டாள். எழுதியதைப் படம் எடுத்து அனுப்புவதும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் வேலைக்குக் கையெழுத்து வைக்கப் போகிறாய். இப்போது நீ பயிற்றும் கல்லூரி அணிக்கு இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது. செய்தி வெளிவரும்வரை உன் அணிப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்கிறார்கள் புது இடத்தார், நீயும் சம்மதித்துவிட்டாய். அதற்கு கறுப்பின மாணவருக்கென்றே தொடங்கிய உங்கள் கல்லூரியின் முதல் அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்றுநர் ட்ரம்மண்டைச் சாட்சிக்கு இழுத்தாய், அவரும் பதினாலு வருசத்தில் ஐந்து கல்லூரி மாறினவர்தானே என்று. நீ முன்பு அனுப்பிய அவரது வரலாற்றைத் திரும்ப எடுத்து வாசித்தேன். காலையில் இரசாயனம் படிப்பித்து, பின்னேரம் தானே சுண்ணாம்பால் மைதானத்துக்குக் கோடு போட்டு, பிள்ளைகளின் தோள்காப்பைத் தானே தைத்து, வெளியூரில் ஹோட்டல்காரர் கறுப்பருக்கு இடம் கொடாதபோது அவர்களைத் தேவாலய வாங்குகளில் படுக்கவைத்துவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்த மனிதர். கணக்கு வாத்தியார் என்றபடியால் நான் அவர் விலகிய திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நாலு தரம் விலகியிருக்கிறார். முதல் தரம் ஒக்டோபரில். மற்ற மூன்றும் டிசம்பர், கடைசி ஆட்டம் முடிந்த பிறகு. அந்த ஒக்டோபருக்குக் கீழே ஒரே ஒரு வரி, மீதி மூன்று ஆட்டத்துக்கும் அணி இறங்கவில்லை என்று. அவரை யாரும் திட்டியதாக எழுதியிருக்கவில்லை, ஆனால் பிறகு ஒருபோதும் அவர் டிசம்பருக்கு முன் போகவில்லை.

இன்னொரு உதாரணம், இது உனக்குச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஏழு கணக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளி விடிய ஒருவருக்கும் சொல்லாமல் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். சண்டை நடந்த, வாய் திறக்கக்கூடாத காலம், அது உண்மை. போன வருசம் இங்கே மருந்துக்கடையில் ஒரு பெண் என் சீட்டிலிருந்த பெயரைப் பார்த்து, "றெஜினோல்ட் சேரோ? அந்த ஏழு கணக்கும் இன்னும் திருத்தேல்லை, இப்ப எண்டாலும் திருத்துவீங்களோ?" என்று சிரித்தாள். அந்த வகுப்பில் படித்த தவமலர். நானும் சிரித்தேன். மருந்துப் பையைத் தரும்போது மெதுவாகச் சொன்னாள், "நாங்கள் என்ன பிழை விட்டம் எண்டு கனநாள் கதைச்சனாங்கள், சேர்." அந்த வெள்ளியை நினைக்கும்போதெல்லாம் நான் தப்பியதை மட்டுமே நினைத்து வந்திருக்கிறேன். பிள்ளைகள் தங்களில் பிழை தேடியிருப்பார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னால் அந்த வேலை கைநழுவும் என்று நீ பயப்படுகிறாய், நழுவவும் கூடும். ஆனால் எனக்கு அன்றைக்கு வாய் திறக்க ஏலாது, உனக்கு ஏலும்.

அக்கா பிறேமினி ஹரோவுக்கு வீடு மாறிவிட்டாள், பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை, அவளுக்கு ஒருக்கால் போன் எடு. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. வியாழக்கிழமை பயிற்சியில், விசில் ஊதுமுன், பிள்ளைகளைப் புல்லில் இருத்தி, நீ போவதை உன் வாயாலேயே சொல்லிப் பார்.

அன்புள்ள அப்பா,
சே. றெஜினோல்ட்